நாள்பட்ட நுரையீரல் தொற்று உள்ளவர் லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாமா?

காட்பாடியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு நுரையீரலில் நாள்பட்ட தொற்று. ஆசையாக வளர்க்கும் லவ் பேர்ட்ஸைக் கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூண்டைச் சுத்தம் செய்வதை அம்மா இன்றோடு விட்டுவிட வேண்டும்.

ஆபத்து காய்ந்த எச்சத்தூளில்தான். வேலூர் வெயிலில் எச்சம் சீக்கிரம் பொடியாகிவிடும். துடைப்பம் பட்டால் அப்படியே மூச்சில் ஏறும். வேறு யாராவது என்95 மாஸ்க் போட்டு, முதலில் தண்ணீர் தெளித்து, கூண்டடியில் விரித்த செய்தித்தாளை மெதுவாகச் சுருட்டி எடுக்கட்டும். கூண்டு வராந்தாவில் இருக்கட்டும், ஃபேன் ஓடும் படுக்கையறையில் வேண்டவே வேண்டாம். ஈரம் பட்ட தினையில் பூஞ்சை பிடிக்கும், கொட்டிவிடுங்கள்.

அப்புறம், காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். லவ் பேர்ட்ஸ் போன்ற கிளி இனப் பறவைகளிடமிருந்து தொற்றும் சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோய், அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக் கேட்காது. டாக்சிசைக்ளின் போன்ற மருந்து வேண்டும்.