எட்டு சிப், பதினாறு சிப்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடைக் கணினி பழையது. கோர் 2 டுவோ பிராசசர், ஜி41 மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ரேம், 32 பிட் விண்டோஸ் 7. ஆன்லைன் விண்ணப்பம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு பிடிஎஃப் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். 8 ஜிபி ஆக்கிவிடலாம் என்று நினைத்து, முதலில் மதுரையில் ஒரு கடையில் 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கினேன். போட்டதும் விட்டு விட்டு நீளமாகப் பீப் அடிக்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பழைய 2 ஜிபியை மட்டும் போட்டால் இரண்டு ஸ்லாட்டிலும் ஓடுகிறது. புதியது இரண்டிலும் ஓடவில்லை. ரப்பரால் தேய்த்தும் பார்த்தேன். கடைக்காரத் தம்பி தன் கணினியில் போட்டுக் காட்டினார், அங்கே நன்றாக ஓடுகிறது. எங்கள் ஊர் மெக்கானிக் "போர்டு போச்சுக்கா, மாத்திடுங்க" என்கிறார். போர்டு கையேட்டிலோ 8 ஜிபி வரை போடலாம் என்று இருக்கிறது. ரேமின் படம் இணைத்திருக்கிறேன். யார் சொல்வதை நம்புவது?

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

போர்டை மாற்றாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதற்குள் பணம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் போர்டு நன்றாக இருக்கிறது. வாங்கிய ரேமும் நன்றாக இருக்கிறது. கடைக்காரத் தம்பி பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் பாதி வேலையை நீங்களே முடித்திருக்கிறீர்கள். பழைய ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் ஓடுகிறது என்றால் ஸ்லாட்டில் பழுது இல்லை. புதிய ரேம் வேறு கணினியில் ஓடுகிறது என்றால் அதிலும் பழுது இல்லை. மீதிக்கு நீங்கள் அனுப்பிய படமே போதும். பச்சைப் பலகையில் ஒரு பக்கம் மட்டும் எட்டுக் கறுப்புச் சிப்புகள். மறு பக்கம் வெறுமை. ஸ்டிக்கரில் 4ஜிபி, 1ஆர்எக்ஸ்8, பிசி3-12800யு என்று அச்சாகியிருக்கிறது. இந்த "1ஆர்எக்ஸ்8" தான் விஷயம்: ஒரே ஒரு தொகுதிச் சிப்புகள், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் எட்டு பிட் கொடுக்கும் என்று பொருள்.

ஜிபி என்பது ஜிகாபைட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே எட்டுச் சிப்பில் 4 ஜிபி அடங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சிப்பும் 4 ஜிகாபிட் பிடிக்க வேண்டும். உங்கள் போர்டில் ரேமைக் கட்டி மேய்ப்பது ஜி41 என்கிற சிப்செட். பிராசசருக்குப் பக்கத்தில் சூடு தணிக்கும் சின்ன உலோகத் துண்டுக்கு (ஹீட் சிங்க்) அடியில் உட்கார்ந்திருக்கும். 2008-ல் வந்தது. டிடிஆர்3 ரேமில் ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட் வரைதான் அதற்குத் தெரியும்.

ஏன் தெரியாது என்பதையும் சொல்கிறேன். ரேம் சிப்புக்குள் தகவல் கட்டம் கட்டமாக இருக்கிறது. எந்தக் கட்டம் வேண்டும் என்பதை வரிசை எண், நிரல் எண் சொல்லித்தான் கேட்க முடியும். 2 ஜிகாபிட் சிப்பில் 32,768 வரிசைகள். அத்தனையையும் எண்ணிட 15 பிட் போதும். 4 ஜிகாபிட் சிப்பில் வரிசைகள் இரண்டு மடங்கு, 65,536. அதற்குப் பதினாறாவது பிட் ஒன்று வேண்டும். ஜி41-க்கு அந்தப் பதினாறாவது பிட்டைப் போடத் தெரியாது. இரண்டு இலக்கம் மட்டுமே எழுதத் தெரிந்த கணக்குப்பிள்ளையிடம் இருநூறு மூட்டை நெல்லைக் கொண்டுபோய் இறக்கிய மாதிரி. தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அவரிடம் கணக்கு இல்லை. சில போர்டுகள் இப்படிப்பட்ட ரேமில் பாதியை மட்டும் கண்டுகொண்டு ஓடும். சில உங்களுடையதைப் போல அடியோடு நின்றுவிடும்.

கடைக்காரத் தம்பியின் கணினி உங்களுடையதைவிடப் புதியதாக இருக்கும். கோர் ஐ3, ஐ5 வரிசையில் ரேமைக் கவனிக்கிற வேலை பிராசசருக்குள்ளேயே போய்விட்டது. அவற்றில் இரண்டாம் தலைமுறை முதல் வந்தவற்றுக்கு 4 ஜிகாபிட் சிப் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் அங்கே ஓடியது.

கையேடு சொன்ன 8 ஜிபியும் உண்மைதான். ஆனால் அது 2 ஜிகாபிட் சிப்புகளால் ஆன 8 ஜிபி. அதாவது இரண்டு பக்கமும் எட்டெட்டாக மொத்தம் பதினாறு சிப் கொண்ட 4 ஜிபி ரேம் இரண்டு. ஸ்டிக்கரில் அது "2ஆர்எக்ஸ்8" என்று இருக்கும். கையேட்டில் இந்த ஒரு வரியையும் சேர்த்துப் போட்டிருந்தால் உங்களைப் போன்ற எத்தனையோ பேர் மதுரைக்கும் ஊருக்கும் பஸ் ஏறியிருக்க வேண்டாம் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

வேகத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். 12800 என்பது 1600 வேக ரேம் (1600-ஐ எட்டால் பெருக்கியது). உங்கள் போர்டு 1066-ல் ஓடுவது. வேகமான ரேமைப் போட்டால் அது போர்டின் வேகத்துக்கு இறங்கி ஓடும். அதேபோல பிசி3எல் என்று எல் சேர்ந்த ரேம் கிடைத்தாலும் தவறில்லை. அது 1.35 வோல்ட்டில் ஓடக்கூடியது, வழக்கமான 1.5 வோல்ட்டிலும் ஓடும்படி செய்யப்பட்டதுதான்.

இப்போது ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு "பதினாறு சிப் ரேம் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். பதினாறு சிப்பிலும் உங்களுக்கு ஆகாதவை உண்டு. ஆன்லைனில் ரொம்ப மலிவாக, "ஏஎம்டிக்கு மட்டும்" என்று மூலையில் சின்னதாக எழுதி ஒரு வகை விற்கிறார்கள். பார்க்க அச்சு அசலாக நீங்கள் தேடுகிற ரேம் போலவே இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் எட்டு பிட் கொடுக்காமல் நான்கு பிட் மட்டும் கொடுக்கும். எக்ஸ்4 என்பார்கள். ஏஎம்டி என்பது வேறு பிராசசர் நிறுவனம். உங்களுடையதைப் போன்ற இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் போர்டுகள் அதை ஏற்காது. இன்னொன்று, சர்வரில் இருந்து கழற்றிய ரேம். 12800 போன்ற எண்ணுக்குப் பின்னால் யு இருக்க வேண்டிய இடத்தில் ஆர் என்று இருக்கும். அதற்கும் அதே 240 தங்க நிறக் கால்கள்தான், கீழ் விளிம்பில் உள்ள பள்ளமும் அதே இடத்தில்தான், ஸ்லாட்டில் அழகாக உட்காரும். டிஸ்பிளே மட்டும் வராது. ஸ்லாட்டில் உட்காருவதை வைத்துப் பொருத்தத்தை முடிவு செய்யவே கூடாது. ஆக ஸ்டிக்கரில் மூன்றையும் பாருங்கள்: 2ஆர்எக்ஸ்8, பிசி3 (டிடிஆர்3-க்கான குறி), எண்ணுக்குப் பின்னால் யு. ஸ்டிக்கர் கிழிந்துபோன ரேமை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆனால் இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால் உங்கள் விண்டோஸைப் பார்க்க வேண்டும். 32 பிட் விண்டோஸ் 7-ல் 8 ஜிபி ரேம் போட்டாலும் அதற்குக் கிடைப்பது மூன்று, மூன்றேகால் ஜிபிதான். மீதி சும்மா கிடக்கும். 64 பிட்டுக்கு மாற வேண்டும். உங்கள் கோர் 2 டுவோவுக்கு அது முடியும். கடைக்கு முடியுமா என்பதுதான் கேள்வி. உங்கள் பிரின்டருக்கு 64 பிட் டிரைவர் (பிரின்டரை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். தமிழ் டைப்பிங்குக்குப் பழைய மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால் அதையும் சோதியுங்கள். 16 பிட் காலத்து மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. பத்து வருடமாகச் சேர்த்த அழைப்பிதழ் கோப்புகள் எல்லாம் அந்த எழுத்துருவில் இருந்தால், ரேமைவிட அது பெரிய தலைவலி.

இரண்டில் ஒன்று தடுத்தாலும் 32 பிட்டிலேயே இருங்கள். அப்போது இன்னொரு 2 ஜிபி ரேம் மட்டும் போதும். 2 ஜிபி என்றால் 1ஆர்எக்ஸ்8 சரிதான், எட்டுச் சிப் இருந்தால் ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட்தானே. இரண்டுக்கும் தடை இல்லையென்றால் 4 ஜிபி இரண்டு போட்டு 64 பிட்டுக்கு மாறிவிடுங்கள். எந்த வழியில் போனாலும், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு சின்ன எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போட முடியுமானால் போடுங்கள். வாடிக்கையாளர் எதிரில் காத்திருக்கிற அந்த நேரத்தில் பெரும்பகுதி ஹார்ட் டிஸ்க்கால் வருவது என்பது என் கணிப்பு. ரேம் போதாதபோது விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில்தான் எடுத்து வைத்து எடுத்து வைத்து ஓட்டுகிறது. உங்கள் கணினி நின்றுபோகும்போது கேபினட்டின் முன்னால் ஒரு சின்ன விளக்கு விடாமல் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அதுதான்.

புதிய ரேம் போடும்போது ஒன்று. பவர் பட்டனை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அணைத்த பிறகும் போர்டுக்கு ஒரு மெல்லிய மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். நான் பல வருடங்களுக்கு முன் அவசரத்தில் ஒரு ரேமை ஒரு பக்கம் மட்டும் அழுத்திவிட்டுக் கணினியைப் போட்டேன். கருகிய வாசனை வந்தது. எடுத்துப் பார்த்தால் தங்க நிறக் கால்களில் இரண்டு கறுத்துப் போயிருந்தன. ஸ்லாட்டும் சேர்ந்து போனது. சேமித்து வாங்கிய ரேம் அது, இரண்டு நாள் மனசே சரியில்லை. அதனால் சொல்கிறேன்: இரண்டு முனையையும் கட்டை விரலால் அழுத்துங்கள், கொக்கி தானாக நிமிர்ந்து "டக்" என்று பூட்டும். ரப்பரால் தேய்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் தேய்த்த துகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் போடுங்கள். துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் பிறகு அதைத் தேடி எடுப்பது பாடு.

டிஸ்பிளே வந்துவிட்டாலும் அன்றே கடை வேலையைத் தொடங்க வேண்டாம். இரவு கடை அடைக்கும்போது மெம்டெஸ்ட்86+ என்கிற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ஓடவிட்டுப் போங்கள். காலையில் வந்து பார்க்கும்போது திரையில் சிவப்பாக ஒரு வரிகூட இருக்கக் கூடாது. இருந்தால் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மெக்கானிக் மேல் கோபப்பட வேண்டாம். இந்தச் சிப் கணக்கு பலருக்கும் தெரியாது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டிருந்தால் செலவு போர்டோடு நின்றிருக்காது. உங்கள் பிராசசர் இந்தக் காலத்து வகைப் போர்டில் உட்காராது, பிராசசரையும் ரேமையும் சேர்த்து வாங்க வேண்டி வந்திருக்கும்.

மதுரைக் கடைக்குப் போய் அந்தத் தம்பியிடம் "ரேம் நல்லதுதான், என் போர்டு ஜி41, எனக்கு 2ஆர்எக்ஸ்8 வேண்டும்" என்று சொல்லுங்கள். அவரே தன் கணினியில் ஓட்டிக் காட்டிய ரேம், அதை வேறு ஒருவருக்கு அவரால் விற்க முடியும். மாற்றிக் கொடுப்பார் என்றே நினைக்கிறேன். பழைய ரேம்கள் போட்டிருக்கும் டப்பாவில் தேடச் சொல்லுங்கள். 2ஆர்எக்ஸ்8 பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். பணம் கொடுப்பதற்கு முன் ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.