வாசகர் கேள்வி – பதில்: தாய்லாந்து வகுப்பறைக்கு என்ன கொண்டுபோவது?

கேள்வி: ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். வரும் மே மாதம் தாய்லாந்தில் ஒரு பள்ளியில் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் செல்கிறேன். வாரத்துக்கு ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு பாடம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. எப்படித் திட்டமிடுவது, ஐயா?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: வாழ்த்துகள், அம்மா. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நீங்கள் நடந்திருப்பீர்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுடன், விடுதிகளிலும் மருந்துக் கடைகளிலும் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் வங்காளியிலும் இந்தியிலும் தடையின்றிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அறை வாடகை, வெந்நீர், மாத்திரை வேளை, ஆட்டோக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக, எதிரில் நிற்பவரிடம் கேட்டே ஆகவேண்டிய கட்டாயத்தில் அவர்கள் கற்றுக்கொண்ட மொழி அது. கருப்பொருள் வழிப் பாடம் என்பது இந்தக் கட்டாயத்தை வகுப்பறைக்குள் உண்டாக்குவதுதான். ‘காய்கறிகள்’ என்று தலைப்பிட்டு இருபது பெயர்களைப் பலகையில் எழுதினால் அது பட்டியலாகுமே தவிர, பாடமாகாது.

இதை நானே தாமதமாகத்தான் கற்றேன். ஏழாம் வகுப்பில் ஒரு வாரம் முழுவதும் பட அட்டைகளைக் காட்டிக் காய்கறிப் பெயர்களைச் சொல்லவைத்தேன். பிள்ளைகள் ஒப்பித்தார்கள், மறந்தார்கள். அடுத்த வாரம் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கிச் சென்று மேசைமேல் கூறு கட்டி வைத்தேன். வாங்குபவரிடம் ஒரு சீட்டு: ‘உன்னிடம் முப்பது ரூபாய்தான் இருக்கிறது.’ விற்பவரிடம் இன்னொரு சீட்டு: ‘நாற்பதுக்குக் குறைக்காதே.’ ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. அதுவரை வாய் திறக்காத ஒரு மாணவன், காம்பு முள் விரலில் குத்தியதும் காயை உயர்த்திப் பிடித்து, “திஸ் ஒன் பைட் மீ, ஐ கிவ் லெஸ் மணி” என்றான். அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதி, திருத்தி, அன்று வகுப்பு முழுவதும் சேர்ந்து சொன்னோம். உங்கள் சந்தை வாரத்துக்கும் இதே சீட்டுகள் போதும். ரூபாய்க்குப் பதில் பாட் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தாய்லாந்துப் பிள்ளைகளின் மொழியில் காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறுவதில்லை. பன்மைக்கு விகுதியும் இல்லை. ஆகவே ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்பது கவனக்குறைவால் வருவதன்று. சொல்லின் இறுதியில் வரும் லகரம் அவர்கள் நாவில் னகரமாகிவிடும். ‘பில்’ என்பதை நாம் ‘பில்லு’ என்று நீட்டுவதுபோல அவர்கள் ‘பின்’ என்பார்கள். எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்தப் புகாமல், சந்தை வாரத்தில் விலையும் எண்ணிக்கையும், திருவிழா வாரத்தில் இறந்தகாலம் என்று ஒரு கருப்பொருளுக்கு ஓர் இலக்கணக் கூறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி திறப்பது மே மாத நடுவில் என்பதால், ஏப்ரல் 13 முதல் 15 வரை கொண்டாடிய சோங்க்ரான் நீர்த்திருவிழா பிள்ளைகள் மனத்தில் பசுமையாக இருக்கும். நமது சித்திரை முதல் நாளும் அதே வேளையில் வருவதால், அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர்கள் உங்களைக் கேட்கட்டும். பிறந்த ஆண்டைச் சொல்லவைப்பதும் நல்ல தொடக்கம். அங்கே புத்த ஆண்டுக் கணக்கு வழங்குவதால், 2012-இல் பிறந்த பிள்ளை 2555 என்று சொல்லும். 543-ஐக் கழித்து உங்களுக்கு விளக்க வேண்டிய பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

நான் பெரிதும் விரும்புவது லோய் கிரதோங் வாரம். பெரும்பாலும் நவம்பர் மாதத்தில் வரும் அந்தப் பௌர்ணமி இரவில், வாழைத்தண்டு வில்லையின் மேல் வாழையிலையை மடித்துச் செருகி, பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் வைத்து நீரில் மிதக்கவிடுவார்கள். வகுப்புக்கு வாழைத்தண்டையும் இலையையும் கொண்டுவரச் செய்து, நீங்கள் மாணவியின் இடத்தில் அமருங்கள். வெட்டு, மடி, குத்து, திருப்பு என்று அவர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை மட்டுமே செய்யுங்கள். தவறாகச் சொன்னால் தவறாகவே மடியுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே செய்யத் தெரியாது என்பதுதான் இந்தப் பாடத்தின் பலம். மறுநாள் திருவண்ணாமலைத் தீபத்தின் படம் ஒன்றை எதுவும் சொல்லாமல் ஒட்டி, பத்துக் கேள்விகள் கேட்டால்தான் பதில் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: எவ்வளவு அழகாகப் பதில் சொன்னாலும் பிள்ளைகளின் தலையைத் தொட்டுப் பாராட்டாதீர்கள், அங்கே தலை புனிதமானது. ஆனால் “சாப்பிட்டாயா?” என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. தினமும் அந்தக் கேள்வியோடு வகுப்பைத் தொடங்குங்கள்.

கேள்வி: இணையவழியில் ஜப்பானியர் சிலருக்கு மாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தவறு வந்துவிடுமோ என்று தயங்கிப் பேசாமலிருக்கிறார்கள். என்ன தலைப்பு எடுக்கலாம்?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அவர்கள் மொழியிலும் தமிழைப் போலவே வினை இறுதியில் வரும். ஆகவே ஆங்கில வாக்கியத்தில் நாம் தடுமாறிய அதே இடங்களில் அவர்களும் தடுமாறுவார்கள். முதல் வகுப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், தயக்கம் பாதி குறையும். தலைப்புக்கு ‘என் சன்னல்’ போதும். நம்மைவிட அவர்கள் மூன்றரை மணி நேரம் முந்தியவர்கள். இங்கே மாலை நாலரைக்கு வெயில் சாய்ந்துகொண்டிருக்கும்போது அங்கே இரவு எட்டு மணி. உங்கள் சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதை நீங்கள் காட்டாமல், கேள்வி கேட்டு ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். வரைந்ததைக் கேமராவுக்கு நேரே பிடித்த பிறகு உங்கள் சன்னலைத் திறந்து காட்டுங்கள்.