காணியும் கமமும்: வாசகர் கேள்வி – பதில்

புவியியல் பாடத்தில் பிழைப்பூதிய விவசாயம், வர்த்தக விவசாயம், செறிவான விவசாயம், பரந்த விவசாயம் என்று நான்கு வகை படிக்கிறோம். எங்கள் வயல் நெல்லில் வீட்டுக்கு எடுத்து வைத்தது போக மிச்சத்தை மில்லுக்குக் கொடுக்கிறோம். இதை எந்த வகையில் எழுதுவது?
– உயர்தர மாணவி, மூதூர்

இந்த நான்கையும் ஒரே வரிசையில் அடுக்குவதால்தான் குழப்பம் வருகிறது. விளைச்சல் எங்கே போகிறது என்று கேட்டால் வீட்டுத் தேவைக்கான பிழைப்பூதியமா, விற்பனைக்கான வர்த்தகமா என்பது தெரியும். ஒரு ஏக்கரில் எவ்வளவு உழைப்பும் பணமும் இறங்குகின்றன என்று கேட்டால் செறிவா, பரந்ததா என்பது தெரியும். ஒரு காணிக்கு இரண்டு கேள்வியையும் போட வேண்டும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டம் செறிவானது, வர்த்தகமும்கூட. கிண்ணியா மாட்டுப் பட்டி பரந்தது. ஆனால் பால் விற்பனைக்குப் போகிறது. காட்டை வெட்டி எரித்து வீட்டுத் தேவைக்குக் குரக்கனும் சோளமும் போடும் சேனை பரந்தது, பிழைப்பூதியமும்கூட.

உங்கள் வயலில் ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல், பசளை, களைநாசினி, உழவு இயந்திரம், வெட்டு மெசின் எல்லாம் இறங்குகின்றன. ஆகவே செறிவானது. நெல்லில் பாதிக்கு மேல் மில்லுக்குப் போனால் அது வர்த்தகம். பருவக்காற்று ஆசியாவின் நெற்செய்கையை ‘செறிவான பிழைப்பூதிய விவசாயம்’ என்று பாடநூல்கள் சொல்வது 1936இல் அமெரிக்கப் புவியியலாளர் டெர்வென்ட் விற்றில்சி வகுத்த வகையீட்டின் வழியில் வந்தது. அந்தக் காலத்துக்கு அது பொருத்தம். விடைத்தாளில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு, இன்று எங்கள் பகுதியில் ஏன் மாறியிருக்கிறது என்று இரண்டு வரி காரணம் எழுதுங்கள்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கு மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாடநூல் இதைப் போகிறபோக்கில் சொல்லும். இங்கே மற்ற இரண்டையும் தீர்மானிப்பதே இதுதான். கந்தளாய்க் குளத்தின் கீழும், வெருகலில் மறித்த மகாவலி நீர் பாயும் அல்லைத் திட்டத்திலும் காலபோகம் (மாரிப்போகம்), சிறுபோகம் இரண்டும் செய்யலாம். மழையை மட்டும் நம்பும் மானாவாரி வயலில் மாரிப்போகம் மட்டும்தான். மானாவாரிக்காரர் முதல் மழையை நம்பிப் புழுதியில் விதைக்கிறார். நடுவில் மழை விட்டால் பயிர் கருகும் என்று தெரிந்தவர் பசளைக்குக் கடன் வாங்க யோசிப்பார். இரண்டும் நெல்தான், இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனாலும் செறிவில் பெரிய வித்தியாசம் உண்டு.

குளத்து வயலிலும் நினைத்த நேரத்தில் விதைக்க முடியாது. முதல் நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா என்பதெல்லாம் போக ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகும். சிறுபோகத்தில் குளத்தில் நீர் குறைந்திருந்தால், இருக்கும் நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று கணக்குப் பார்த்து அவ்வளவுக்கே அனுமதி கிடைக்கும். கூட்டத் தீர்மானத்தை விட்டு இரண்டு கிழமை பிந்தி விதைத்தவரின் பயிர் கதிர் தள்ளும் நேரத்தில் துருசு (குளத்து மதகு) மூடியிருக்கும். பதராகிப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

வொன் தூனனின் வளைய மாதிரியைத் திருகோணமலைக்குப் பொருத்திக் காட்டலாமா?
– ஆசிரியர், தம்பலகாமம்

பொருந்தாத இடங்களைக் காட்டத்தான் அது நல்ல உதாரணம். 1826இல் ஜேர்மனியரான வொன் தூனன் எடுத்துக்கொண்டது ஒரே தன்மையான சமவெளி, நடுவில் ஒரே நகரம், தூரத்துக்கேற்பக் கூடும் வண்டிக் கூலி. நகருக்கு அருகே பாலும் மரக்கறியும், பிறகு விறகுக் காடு, அடுத்துத் தானியம், கடைசியில் மேய்ச்சல். திருகோணமலை நகரின் கிழக்கே கடல். வளையம் பாதியில் நிற்கிறது. மேற்கில் மண்ணும் குளமும் நெல்லை நகருக்குக் கிட்டவே கொண்டுவந்துவிட்டன. மரக்கறியோ நூறு கிலோமீற்றருக்கு அப்பால் தம்புள்ளையிலிருந்து லொறியில் வருகிறது.

ஒரு விடயம் மட்டும் அழகாகப் பொருந்தும். அவர் சொன்ன ‘தூரம்’ உண்மையில் செலவு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் பால் கெடும். பாலம் வந்ததும் நிலம் நகரவில்லை, செலவுத் தூரம்தான் சுருங்கியது. வகுப்பில் இதிலிருந்து தொடங்குங்கள்.

நிலாவெளிப் பக்கம் மணல் காணியில் வெங்காயம் செய்கிறோம். ஓகஸ்ட் வந்தால் கிணறு உவர்க்கிறது, தாள் நுனி கருகுகிறது. கிணற்றை இன்னும் ஆழப்படுத்தலாமா?
– தோட்டக்காரர்

வேண்டாம். கரையோர மணலில் நன்னீர் ஒரு மெல்லிய வில்லைபோல உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. அதே கணக்குத் தலைகீழாகவும் வேலை செய்யும்: நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றால் உவர்நீர் 4 மீற்றர் வரை மேலே வர இடமுண்டு. வேகமாக இறைக்கும்போது கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்பாக எழும். ஆழப்படுத்துவது அந்தக் கூம்பை நோக்கி நீங்களே இறங்குவது. ஒருமுறை ஏறிய உவர் பம்பை நிறுத்தியவுடன் இறங்காது. அடுத்த மாரிவரை காத்திருக்க நேரலாம்.

செய்ய வேண்டியது இது. ஆழமான ஒரு கிணற்றுக்குப் பதில் இடம்விட்டு இரண்டு மூன்று ஆழமில்லாத கிணறுகள். சிறிய பம்ப், குறைந்த நேரம், காலையும் மாலையுமாகப் பிரித்து இறைப்பு. மணலில் அதிக நீர் விட்டாலும் வேருக்குக் கீழே போய்விடும், ஆகவே கொஞ்சமாக அடிக்கடி விடுங்கள்.

ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பரிசோதியுங்கள். இறைக்கத் தொடங்கும்போது ஒன்று, முடிக்கும்போது ஒன்று எடுத்தால் கூம்பு எழுகிறதா என்பதும் தெரியும். சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோசீமன் வரை வெங்காயம் தாங்கும். 1200இல் விளைச்சல் பத்திலொன்று குறையும், 1800இல் காற்பங்கு, 2900இல் பாதி. மணலில் உப்புக் கழுவுப்படுவதால் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனால் அதை நம்பி நடவேண்டாம். வெங்காயம் உப்புக்கு மிகவும் கூச்சமுள்ள பயிர். ஓகஸ்ட், செப்ரெம்பருக்கு முன் கிழங்கு முற்றும்படி நடுகையை முன்னே தள்ளுங்கள்.

யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் சிறுசிறு தவணையாகப் பிரியுங்கள். மணலில் எஞ்சும் நைத்திரேற்று நேரே நிலத்தடி நீருக்குப் போகும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. தோட்டக் கிணற்று நீரில் பால்மா கரைக்காதீர்கள். இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறோம்.

வயலின் ஒரு மூலையை நிரவி வீடு கட்டலாமா?
– தம்பலகாமம் வாசகர்

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரவ முடியாது. மண் லொறிக்குச் சொல்லுமுன் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். சட்டத்தை விடுங்கள், வரவைக்கு வரவை (வரம்பு கட்டிய ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு) தண்ணீர் பாயும் வயலில் ஒரு மூலையை உயர்த்தினால் மேலேயுள்ளவருக்கு நீர் தேங்கும், கீழேயுள்ளவருக்கு வராது. குடியேற்றத் திட்டங்களில் வயலோடு மேட்டுக்காணியும் கொடுத்தது குடியிருப்பதற்குத்தான்.

காலபோகத்தில் மாட்டை விட இடமில்லை, வயல்காரரோடு சண்டை. பட்டியைச் செறிவாக்க முடியுமா?
– கிண்ணியா

அறுவடைக்குப் பிறகு ஒட்டில் (வயலில் எஞ்சிய தாளில்) மேயவிட்டு, மாரியில் மேட்டுப் பற்றைக்காட்டுக்கு ஓட்டிச் செல்வதுதான் இங்கத்தைய முறை. அந்தக் காடும் வழியும் சுருங்கினால் பரந்த முறை நிற்காது. 250 கிலோ மாடு ஒன்று நாளுக்குச் சுமார் 25 கிலோ பச்சைப் புல் தின்னும். பத்து மாட்டுக்கு 250 கிலோ. நீர் வசதியில்லாமல் புல் நட்டு அவ்வளவையும் எடுக்க முடியாது. ஆகவே முழுப் பட்டியையும் கட்டவேண்டாம். பால் மாடுகளை மட்டும் கட்டி வளருங்கள்.

வயலில் எரிக்கும் வைக்கோலைக் கேட்டு வாங்குங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முழுவதும் கரைத்து, படைபடையாகத் தெளித்து, மிதித்து இறுக்கி, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி இரண்டு மூன்று கிழமை வையுங்கள். கொடுக்குமுன் நாற்றம் போக ஒரு மணித்தியாலமாவது விரித்துவிடுங்கள். காற்றுப் புகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதைக் கொட்டிவிட வேண்டும். கன்றுகளுக்குக் கொடுக்கவேண்டாம். கரைத்த தண்ணீரை மாடு குடித்தால் செத்துப்போகும்.

எங்கள் கிராமத்துக்கு நிலப்பயன்பாட்டு வரைபடம் வரையச் செயற்றிட்டம் தந்திருக்கிறார்கள். எந்த அளவுத்திட்டம்?
– மாணவர் குழு, சேருவில

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளில் ஒரு ஹெக்டேயர் பக்கத்துக்கு 2 மில்லிமீற்றர்தான். ஒரு ஏக்கர் தோட்டம் பென்சில் முனைக்குள் மறைந்துவிடும். 1:10,000இல் அதே ஹெக்டேயர் ஒரு சதுர சென்ரிமீற்றர். கிராமத்துக்கு அதுதான் சரி.

குளக்கட்டிலிருந்து வயலுக்குக் குறுக்காக மேடுவரை ஒரு கோடு போட்டு அதன் வழியே நடங்கள். கட்டுக்குக் கீழுள்ள மரக்கூட்டம், நீர் தேங்கும் பள்ளத்து வயல், வீட்டுத்தோட்டம், உலர்ந்தால் இறுகிப்போகும் செங்கபில மண் மேடு என்று நிலம் மாறும் இடத்தில் எல்லாம் மண்ணையும் நீரின் மூலத்தையும் பயிரையும் குறியுங்கள். பயிரை மட்டும் குறித்தால் ஏன் அங்கே அது நிற்கிறது என்று பிறகு விளக்க முடியாமல் திண்டாடுவீர்கள். குளத்தின் அலைகரையில் (நீர் வற்றும்போது வெளிப்படும் கரையில்) யாரும் பயிர் செய்தால் தனி நிறம் கொடுங்கள். அந்த மண் கரைந்து குளத்துக்குள்தான் போகிறது. ஜனவரியில் பச்சையாக இருக்கும் மானாவாரி வயல் ஜூலையில் மாடு மேயும் தரை. ஆகவே இரண்டு தடவை நடந்து, எந்த மாதம் பார்த்தது என்பதை வரைபடத்தின் மூலையில் எழுதிவிடுங்கள்.