எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, அடியில் வலுவுமில்லை: பேஸ்பால் ஆட்டக்காரரின் மணிக்கட்டு

கேள்வி: என் மகன் சேலத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பேஸ்பால் அணியில் வலக்கை ஆட்டக்காரன். ஒரு மாதமாக இடது உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டை ஒட்டி வலி. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். முன்பு வேலிவரை போன பந்து இப்போது தரையில்தான் உருள்கிறது. கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஆடினால் போதும் என்கிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி நெருங்குகிறது. ஆடவிடலாமா? பழைய அடி திரும்புமா?
– வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை பேட்டைத் தொட வேண்டாம். அடி திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடத் தாமதமாகத் திரும்பும்.

நீங்கள் சொல்லும் இடத்தில் ஹேமேட் என்ற சிறு எலும்பு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கொக்கி உள்ளங்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். வலக்கை ஆட்டக்காரர் பேட்டைப் பிடிக்கும்போது இடது கை கீழே வரும். பேட்டின் அடியில் உள்ள குமிழ் நேராக இந்தக் கொக்கியின் மேல்தான் உட்காரும். முழு வேகத்தில் சுழற்றிய பேட்டைப் பாதியில் இழுத்து நிறுத்தும்போதும், பந்து விளிம்பில் பட்டு ஃபவுலாகும்போதும் (ஆட்டக் கோட்டுக்கு வெளியே போகும்போதும்) குமிழ் கொக்கியை நெம்புகிறது. ஒரே அடியில் முறிவதும் உண்டு, மாதக்கணக்கில் விரிசல் விட்டு முறிவதும் உண்டு. 2023 ஜூலையில் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டக்காரர் மைக் டிரவுட்டுக்கு ஒரு ஃபவுல் அடியில் இதே எலும்பு, இதே இடது கையில் முறிந்தது.

சாதாரண எக்ஸ்ரேயில் மற்ற எலும்புகளின் நிழலுக்குள் இந்தக் கொக்கி மறைந்துவிடும். அதனால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற அறிக்கையை வைத்து இந்த முறிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. கையைப் பின்னுக்கு வளைத்து உள்ளங்கையின் குடைவு தெரியும்படி எடுக்கும் எக்ஸ்ரேயில் ஓரளவு தெரியும். மணிக்கட்டுக்கென மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் சிடி ஸ்கேனில்தான் நிச்சயமாகத் தெரியும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பியல் பிரிவுக்குப் போனாலும் தனியாரிடம் போனாலும், பேட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நம் ஊர் மருத்துவர்கள் பார்த்துப் பழகியது கிரிக்கெட் காயம். கிரிக்கெட் மட்டையின் பிடி இப்படி உள்ளங்கையில் குத்தி நிற்பதில்லை. குமிழ் எங்கே உட்காருகிறது என்று மகன் பிடித்துக் காட்டினால், எந்தக் கோணத்தில் படம் எடுப்பது என்பது மருத்துவருக்கு உடனே புரிந்துவிடும்.

அதற்கு முன் வீட்டிலேயே ஓரளவு ஊகிக்கலாம். மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கம் பட்டாணி அளவில் ஓர் எலும்பு தட்டுப்படும். அங்கிருந்து ஆள்காட்டி விரலின் அடியை நோக்கி 2 சென்டிமீட்டர் போய்க் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுருக்கென்று வலித்தால் கொக்கி மேல் சந்தேகம் வலுக்கிறது. அடுத்து, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து, கடைசி இரண்டு விரல்களையும் மடக்கச் சொல்லி, அவற்றை நீங்கள் நிமிர்த்தப் பாருங்கள். அவன் எதிர்த்து இழுக்கும்போது அதே இடத்தில் வலித்தால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் இறங்கும்போது, உடல் எடை கைப்பிடியில் சாய இடது உள்ளங்கை வலித்ததா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வலி உள்ளங்கையில் இல்லாமல் புறங்கைப் பக்கம், சுண்டுவிரல் ஓரத்தில் இருந்தால் கதை வேறு. உள்ளங்கையை மேலே திருப்பிக் கையைச் சாய்க்கும்போது தசைநார் ஒன்று ‘டக்’கென்று நழுவினால் அதன் உறை கிழிந்திருக்கலாம். 2012 ஜூலையில் ஒரு ஸ்விங்கில் (பேட்டைச் சுழற்றும்போது) மற்றொரு மேஜர் லீக் ஆட்டக்காரர் ஹோசே பௌட்டிஸ்டாவுக்கு நேர்ந்தது இந்த வகைக் காயம்தான். நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழும்போது ஓரத்தில் வலித்தால் மணிக்கட்டின் குருத்தெலும்பைப் பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் எம்ஆர்ஐ தேவைப்படும். கீழே விழுந்து கையூன்றியபின் கட்டைவிரல் அடிக்குழியில் வலித்தால் அது ஸ்காஃபாய்ட் எலும்பு. முதல் எக்ஸ்ரேயில் அதுவும் ஏமாற்றும்.

இனி பந்து ஏன் தரையில் உருள்கிறது என்று பார்ப்போம். பேட்டும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடியின் அதிர்வு கைக்கு வந்து திரும்புவதற்குள் பந்து கிளம்பிவிடும். ஆகவே ‘அடிக்கும்போது இறுக்கிப் பிடி’ என்ற அறிவுரையால் பயன் இல்லை. இழப்பு முழுக்க அதற்கு முந்தைய ஏறத்தாழ 0.15 நொடி ஸ்விங்கில் நடக்கிறது. காலும் இடுப்பும் தரும் வேகத்தை, மடங்கியிருந்த மணிக்கட்டு கடைசி நேரத்தில் விரிந்து பேட்டின் முனைக்குக் கடத்த வேண்டும். வலிக்கு அஞ்சும் கை சீக்கிரமே விரிந்துவிடும். வேகம் பந்துக்கு முன்பே செலவாகிவிடும். கீழ்க்கை தளர்ந்தால் மேல்கை அதன்மேல் உருளும், பந்து மூன்றாம் பேஸ் பக்கம் (அவனுக்கு இடப்பக்கம்) தரையில் ஓடும். சில பையன்கள் கடைசி இரண்டு விரல்களைத் தளர்த்திப் பிடிப்பார்கள். அப்போது பேட்டின் முனை பின்தங்கி, வேகப்பந்தெல்லாம் வலப்பக்க ஃபவுலாகும். உங்கள் மகனுடையது முதல் வகையாகத் தெரிகிறது.

பேட்டின் வேகம் மணிக்கு 1 கிலோமீட்டர் குறைந்தால் பந்தின் வேகம் சுமார் 1.2 கிலோமீட்டர் குறையும். 5 கிலோமீட்டர் குறைந்தால், நன்கு தூக்கி அடித்த பந்து ஐந்தாறு மீட்டர் முன்னதாகவே விழும். வேலி தாண்டுவதற்கும் கேட்ச் ஆவதற்கும் உள்ள தூரமே அவ்வளவுதான். கைப்பேசியில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் ஸ்விங்கை எடுங்கள். தொடக்கத்திலிருந்து பந்து படும்வரை பிரேம்களை எண்ணுங்கள். 36-ஐ ஒட்டி இருக்கும். பழைய வீடியோ இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று பிரேம் கூடியிருந்தாலே மணிக்கட்டு தயங்குகிறது என்று பொருள்.

கிரேப் பேண்டேஜ் முறிந்த கொக்கியை அசையாமல் பிடிக்காது. நாட்டுக்கட்டும் அப்படித்தான். அந்தக் கொக்கி சதைக்குள் ஆழமாக இருக்கிறது. சுண்டுவிரலை மடக்கும் தசைநார் கொக்கியின் ஓரமாகத்தான் போகிறது. முறிந்த விளிம்பு அதை அறுத்துவிட்டால் விரலை மடக்கவே முடியாது. கடைசி இரண்டு விரல்களில் மரமரப்பு இருந்தால் பக்கத்து நரம்பும் நெரிபடுகிறது, அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வலி மறக்க ஊசி போட்டு ஆடுவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். ‘ஓடுவதற்காவது இறக்குகிறோமே’ என்று அணியில் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பேஸுக்குப் பாயும்போது ஊன்றுவது அந்தக் கையைத்தான்.

புதிய முறிவு, எலும்பும் விலகவில்லை என்றால் சுமார் 6 வாரம் மாவுக்கட்டு போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கொக்கிக்கு ரத்த ஓட்டம் குறைவு, சேராமலே போவதுண்டு. ஒரு மாதம் கடந்த நிலையில், உடைந்த துண்டை அகற்றும் சிறு அறுவைச் சிகிச்சையை மருத்துவர் சொன்னால் பயப்பட வேண்டாம். எலும்பை எடுத்தால் பிடி போய்விடுமே என்ற அச்சம் பலருக்கும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் 6 முதல் 8 வாரத்தில் ஆட்டத்துக்குத் திரும்புகிறார்கள். தழும்பின் கூச்சம் மட்டும் சில மாதம் நீடிக்கும்.

தையல் ஆறி, மருத்துவர் அனுமதித்தபின் ஒரு வாளியில் அரிசியைப் போட்டு, கையை மணிக்கட்டுவரை நுழைத்து விரல்களை விரித்து மூடட்டும். 30 நொடி வீதம் மூன்று முறை, நாளுக்கு இரு வேளை. ஈரத் துண்டை வலியின்றிப் பிழிய முடிந்து, பிசியோதெரபிஸ்ட் அளக்கும் பிடிவலு மறுகையின் வலுவில் 90 சதவீதத்தை எட்டியபின் பேட்டை எடுக்கலாம். முதலில் பந்தில்லாமல் 20 ஸ்விங். பிறகு டீயில் (பந்தை வைத்து அடிக்கும் தாங்கியில்) வைத்த பிளாஸ்டிக் பந்து, அடுத்து டீயில் நிஜப் பந்து, பக்கத்திலிருந்து மெதுவாகப் போடும் பந்து, கடைசியில் பிட்சர் (பந்து வீசுபவர்) வீசும் பந்து. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொரு படியிலும் மூன்று அமர்வு. மறுநாள் காலை வலி மிஞ்சியிருந்தால் ஒரு படி இறங்குங்கள். ஸ்விங்கைப் பாதியில் நிறுத்தும் பயிற்சி எல்லாவற்றுக்கும் பின்னால் வரட்டும்.

திரும்பியதும் பந்து பேட்டில் படும், ஆனால் தூரம் போகாது. 2005-இல் 46 ஹோம் ரன் (வேலி தாண்டும் அடி) அடித்த மேஜர் லீக் ஆட்டக்காரர் டெரெக் லீயின் மணிக்கட்டு 2006-இல் முறிந்தது. 2007-இல் அவருடைய பேட்டிங் சராசரி நல்லபடியாக .317, ஹோம் ரன் 22தான். இன்னொரு மேஜர் லீக் ஆட்டக்காரர் ஜியான்கார்லோ ஸ்டான்டனுக்கு 2015-இல் இதே கொக்கி முறிந்தது. 2017-இல் 59 ஹோம் ரன் அடித்தார். எனவே முதல் பருவத்தில் உங்கள் மகனை, தூரம் அடிப்பவருக்கான நான்காவது பேட்டிங் இடத்தில் இறக்கிச் சுமையேற்ற வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

பேட்டையும் மாற்றுங்கள். 1 அங்குலம் குட்டையான, சுமார் 50 கிராம் எடை குறைந்த பேட் போதும். சுண்டுவிரலைக் குமிழுக்கு வெளியே தொங்கவிட்டுப் பிடிப்பவன் என்றால் அந்தப் பழக்கத்தை இப்போதே நிறுத்த வேண்டும். கை 2 சென்டிமீட்டர் மேலேறி, குமிழ் உள்ளங்கைக்குக் கீழே தனியாகத் தெரிய வேண்டும். பிடிக்கும் இடத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டால், அவசரத்தில் கை கீழே இறங்குவது அவனுக்கே தெரிந்துவிடும்.