ஐடி வேலையை விட்டுவிட்டுக் கணினி அறிவியலில் பிஎச்.டி. சேரலாமா?

எம்.இ. முடித்து நான்கு வருடமாக ஐடி வேலையில் இருப்பதாகவும், அதை விட்டுவிட்டு முழுநேர பிஎச்.டி. சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சேர்ந்து முடித்தவன் நான். கணினியில் தமிழ் மொழிச் செயலாக்கம் என் துறை. என் பதில், சேரலாம்; ஆனால் யாரிடம் சேர்கிறீர்கள் என்பதைப் பார்த்துச் சேருங்கள்.

முதலில் பணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. யுஜிசியின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. கடன் ஏதும் இருந்தால் அடைத்துவிட்டு வருவது நல்லது.

சரி, ஆய்வு வேலைக்கு வருவோம். மூன்றாம் ஆண்டில் என் மாடல், அதாவது தரவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரல், அருமையான முடிவுகளைத் தந்தது. ஏழு மாத உழைப்பு. கட்டுரை எழுத உட்கார்ந்த அன்று, மாடலைச் சோதிக்க ஒதுக்கிவைத்த சோதனைத் தரவில் இருந்த ஒரு வாக்கியத்தை எங்கேயோ படித்த ஞாபகம். மாடல் கற்றுக்கொண்ட பயிற்சித் தரவில் அது இருக்கக் கூடாது. நிரல் வைத்துத் தேடினேன், இல்லை என்றது. கண்ணால் புரட்டினால் இருக்கிறது! கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தின் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. நகல்களை நீக்க நான் எழுதிய நிரல் அதில் கோட்டை விட்டிருந்தது. கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதியிருக்கிறது என் மாடல். எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, நகல்களை நீக்கி மறுபடி ஓட்டினேன். முன்னேற்றம் என்று நினைத்தது அத்தனையும் போய்விட்டது.

இரண்டு நாள் தூக்கமில்லை. பயந்துகொண்டேதான் வழிகாட்டியிடம் போனேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தவர், "இதையே எழுதுப்பா. மத்த தரவுலயும் இப்படி இருக்கான்னு பாரு" என்றார். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அதுதான். அன்று அவர் கத்தியிருந்தால், அந்தப் பிழையை நான் மூடி மறைக்கப் பார்த்திருப்பேனோ என்று இப்போதும் தோன்றும்.

அதனால் தலைப்பை அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம். நீங்கள் நினைத்திருக்கும் வழிகாட்டியிடம் இப்போது ஆய்வு செய்யும் இரண்டு பேரைத் தனியாக டீ குடிக்க அழைத்துப் போங்கள். அவர் கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினார், முடிவு தப்பாக வந்தபோது என்ன சொன்னார் என்று கேளுங்கள்.