புவியீர்ப்பில் ஓடும் சக்கரங்களைச் சோதிக்க வீட்டிலேயே சிறிய அமைப்பு செய்வது எப்படி?

புவியீர்ப்பில் ஓடும் சக்கரம் என்பது, நெம்புகோல்களில் மாட்டிய எடைகள் ஒரு பக்கம் வெளியேயும் மறுபக்கம் உள்ளேயும் விழுவதால் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும் என்று நம்பிச் செய்யும் சக்கரம். முதலில் அதைத் தாங்கும் ஸ்டாண்டைச் செய்யுங்கள், சக்கரம் அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாரக்கணக்கில் நெம்புகோல்களை அறுத்துப் பொருத்திவிட்டு, கடைசியில் இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு கம்பியில் மாட்டிச் சுற்றிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறது. எங்கே எவ்வளவு ஆற்றல் போனது என்று அதிலிருந்து ஒன்றுமே தெரியாது.

தானாக ஓடிக்கொண்டே இருக்கும் சக்கரம் கிடைக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓர் எடை எந்த வளைவில் போய்வந்தாலும், கிளம்பிய உயரத்துக்கே திரும்பிவிட்டால் ஈர்ப்பு விசை அதற்குக் கொடுத்ததும் அதனிடம் வாங்கியதும் சமம். ஆனாலும் இந்த ஆசை பழையது. இரண்டாம் பாஸ்கரர் 1150-ல் எழுதிய சித்தாந்த சிரோமணியில், வளைந்த ஆரக்கால்களில் பாதரசத்தைப் பாதி நிரப்பிய சக்கரம் ஒன்று வருகிறது. ஜெர்மனியில் யோகான் பெஸ்லர் 1717-ல் ஒரு கோட்டையில் 12 அடி விட்டமுள்ள சக்கரத்தை ஓட்டிக்காட்டி, அறையைப் பூட்டி முத்திரை வைக்கவும் சம்மதித்தார். உள்ளே என்ன இருந்தது என்று பொதுவில் திறந்து காட்டவேயில்லை. அவர் வீட்டுப் பணிப்பெண், அந்தச் சக்கரத்தைத் தானும் கையால் சுற்றியதாகப் பின்னாளில் சாட்சி சொன்னார். பாரிஸ் அறிவியல் கழகம் 1775-ல், இனி இப்படிப்பட்ட எந்திரங்களைப் பரிசீலிப்பதில்லை என்றே முடிவெடுத்தது.

அப்படியானால் ஏன் செய்ய வேண்டும்? ஆற்றல் அழியாது என்று பாடத்தில் படிப்பது வேறு. ஒரு சக்கரத்தில் அது எந்தக் கோணத்தில், எந்த மோதலில் கைவிட்டுப் போகிறது என்று அளந்து பார்ப்பது வேறு. அளந்து பார்த்தவருக்கு இயந்திரவியல் மறக்காது.

ஸ்டாண்டுக்குக் கனமான மரச்சட்டம் எடுத்து, அடியில் செங்கல் வைத்து அழுத்துங்கள். ஆடும் ஸ்டாண்டு ஆற்றலைத் தின்னும். கை பட்டால் ஆற்றலைக் கொடுக்கவும் செய்யும். இரண்டுமே முடிவைக் கெடுத்துவிடும். அச்சுக்கு 8 மி.மீ. கம்பி, இரண்டு பக்கமும் 608 பேரிங். ஸ்கேட்டிங் சக்கரத்தில் வருவது இதுதான், எங்கும் கிடைக்கும். புது பேரிங்கில் கிரீஸ் கெட்டியாக இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும், வித்தியாசம் உடனே தெரியும். அச்சை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

சக்கரத்துக்கு 6 மி.மீ. பிளைவுட்டில் 45 செ.மீ. விட்டம் வசதியான அளவு. எடை எதையும் மாட்டாமல் முதலில் வெறும் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அங்கே கனம் அதிகம். எதிர்ப்பக்கம் வாஷர் ஒட்டிச் சமன் செய்யுங்கள். இந்த வேலையில் பொறுமை காட்டாதவர் பிறகு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

இனி எடைகளை மாட்டி எடுக்கும் அளவுகள். முதலாவது, சக்கரம் நிற்கும்போதே எடுப்பது. விளிம்பில் நூல் சுற்றி, அதன் நுனியை டிஜிட்டல் சமையல் தராசின் மேலிருக்கும் அரைக் கிலோ எடையில் கட்டுங்கள். சக்கரம் திரும்பப் பார்த்தால் நூல் மேலே இழுக்கும், தராசு அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். மறுபக்கம் திரும்பினால் நூலையும் மறுபக்கம் மாற்றிக் கழித்தல் குறியோடு எழுதுங்கள். ஒரே மாதிரி 8 எடைகள் இருந்தால் 45 பாகைக்கு ஒருமுறை எல்லாம் திரும்ப வரும். அதனால் 5 பாகைக்கு ஒரு அளவு வீதம் அந்த 45-ஐ முடித்தால் போதும். சில கோணங்களில் சக்கரம் நன்றாகவே இழுக்கும். அந்தக் கோணங்களை மட்டும் பார்த்துத்தான் பலர் ஏமாந்தார்கள். முழுவதையும் கூட்டுங்கள். எடைகள் நழுவியோ புரண்டோ விழும் சக்கரமானால் கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழேதான் நிற்கும். குறைகிற அந்த அளவு, ஒவ்வோர் எடையும் ‘டக்’ என்று தடுப்பில் மோதும்போது சத்தமாகவும் சூடாகவும் போன ஆற்றல். இந்த வரைபடத்தை ஒருவர் தன் கையால் வரைந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சோதனையை எல்லோருக்கும் சொல்வேன்.

இரண்டாவது ஓட்டச் சோதனை. கையால் தள்ளாதீர்கள். அச்சில் நூல் சுற்றி 200 கிராம் தொங்கவிட்டு, 25 செ.மீ. இறங்கியதும் நூல் கழன்றுவிடும்படி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை ஜூல் ஆற்றல் உள்ளே போகும். எடைகளை ஆணியடித்து அசையாமல் பூட்டி ஓட்டுங்கள், பிறகு அவிழ்த்துவிட்டு ஓட்டுங்கள். நேரத்தைவிட, நிற்கும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுவதுதான் நல்லது. பேரிங் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றலை எடுத்துக்கொள்வதால், சுற்றுகளின் எண்ணிக்கையை வைத்து ஆற்றலை நேரடியாக ஒப்பிடலாம். மொபைலில் ஸ்லோமோஷன் எடுத்தால் எண்ணுவது எளிது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். பூட்டிய சக்கரத்தைவிட அவிழ்த்த சக்கரம் அதிகம் ஓடினால் கொண்டாடுவதற்கு முன் நூலையும் ஸ்டாண்டையும் சோதியுங்கள்.

பாஸ்கரரின் சக்கரத்தைச் செய்ய ஆசைப்பட்டாலும் வீட்டில் பாதரசம் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி நஞ்சு. கலர் தண்ணீர் போதும். மீன்பிடி ஈயக் குண்டைப் பயன்படுத்தினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. எடை அச்சிலிருந்து 18 செ.மீ. தள்ளி இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்றைத் தாண்டியதும் உச்சியில்கூட அது உள்பக்கம் விழாது, வெளியிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது நெம்புகோல் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஆரம் 10 செ.மீ. என்றால் இந்த வரம்பு சுமார் 95, 30 செ.மீ. என்றால் சுமார் 55. உங்கள் சக்கரத்துக்கு இதைக் கணக்கிட்டு, அதற்குக் கீழேயே தொடங்குங்கள்.