அறிக்கையில் 'கருவில் நேர்மறை' என்றிருந்தால் அஞ்ச வேண்டுமா?

சாவகச்சேரி வாசகர் ஒருவர் தம் மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறார். 31 வயதான அவருக்கு, இரண்டாவது பிள்ளை சிசேரியன் மூலம் பிறந்து 14 மாதங்களின் பின், தழும்புக்கு அருகே வயிற்றுச் சுவரில் குரும்பை அளவில் இறுகிய கட்டியொன்று தோன்றியது. இழையப் பரிசோதனை அறிக்கை அதை 'டெஸ்மொயிட் வகை நார்க்கட்டி' (நார்க்கலங்கள் பெருகி உண்டாகும் கட்டி) என்று கூறி, 'பீற்றா-கற்றெனின் கருவில் நேர்மறை' என முடிகிறது. அதை வாசித்துச் சொன்ன 'உதவியாளர்' ஒருவர், புற்றுநோய் கருவுக்குள் புகுந்துவிட்டது, இனிப் பிள்ளை பெற இயலாது, உடனே சென்னைக்குக் கொண்டுபோய் வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லி முற்பணமும் கேட்டிருக்கிறார்.

இங்கே கரு என்பது கருப்பையில் வளரும் சிசு அல்ல. உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பரம்பரையலகுகளைப் பொதிந்து வைத்திருக்கும் சிறு உருண்டைக்கும் நம் பாடநூல்கள் கரு என்றே பெயரிட்டிருக்கின்றன. ஒரு சொல் இரு பொருளுக்கு நிற்பதால் ஒரு குடும்பம் உறக்கமிழந்திருக்கிறது.

பீற்றா-கற்றெனின் ஓர் ஒட்டுப் புரதம். அயற்கலங்கள் இரண்டும் கட்ஹெரின் என்ற புரதத்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, அந்தக் கட்ஹெரினின் உள்வாலைக் கலத்தின் உட்சட்டத்தோடு பிணைப்பது இதன் வேலை. 1989 இல் இது பெயர் பெற்றதும் அந்த வேலையை வைத்துத்தான். ஆனால் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மென்சவ்வில் இடம் கிடைக்காமல் எஞ்சும் பீற்றா-கற்றெனினைக் கலம் அடையாளமிட்டு உடனுக்குடன் அழித்துவிடும். அந்த அழிப்பு தவறினால் அது கலத்தில் தேங்கிக் கருவுக்குள் நுழைந்து, அங்குள்ள வேறு புரதங்களுடன் சேர்ந்து, பெருகச் சொல்லும் பரம்பரையலகுகளைத் தூண்டிவிடும். டெஸ்மொயிட் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இப்புரதத்தின் 41 ஆம் அல்லது 45 ஆம் அமினோ அமிலம் மாறியிருக்கும். அழிப்பதற்கான அடையாளம் இடப்படுவது அந்த இடங்களில்தான்.

நுணுக்குக்காட்டியில் வைத்தியர்களான நாங்கள் தேடுவதும் இதையே. இப்புரதம் இருக்கும் இடம் கபிலமாகும்படி சாயமிட்டுப் பார்ப்போம். நீளவாக்கில் அலையலையாகக் கிடக்கும் நார்க்கலங்களின் கருக்கள், நீலமாக இருக்க வேண்டியவை, கபிலப் பொட்டுகளாகத் தெரியும். அதே கண்ணாடித் தட்டில் குருதிக்குழாய்ச் சுவர்க் கலங்களின் கருக்கள் நீலமாகவே நிற்கும். ஆகவே அந்த வரி கட்டியின் இனத்தைக் காட்டுகிறதேயன்றி, நோய் முற்றியதையோ பரவியதையோ அன்று. டெஸ்மொயிட் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பரவும் நோயல்ல. பிள்ளைப்பேற்றுக்கும் அது தடையல்ல, அடுத்த கர்ப்பத்துக்கு முன் வைத்தியரிடம் சொல்லிவிடுவது போதும்.

அவசரமாக வெட்டுவதே பொறி. முன்னர் நாங்களும் வெட்டச் சொன்னோம்; வெட்டிய இடத்திலேயே கட்டி மீண்டும் மீண்டும் வளர்ந்ததைக் கண்ட பிறகே உலகெங்கும் வழக்கம் மாறியது. இப்போது வயிற்றுச் சுவர்க் கட்டிக்கு முதலில் செய்வது கண்காணிப்பு: ஓரிரு மாதங்களில் ஓர் எம்.ஆர்.ஐ., பின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. கணிசமானவை வளராமல் நின்றுவிடும், சில தாமாகவே சுருங்கும். இதைச் சொல்ல எந்தத் தரகருக்கும் மனம் வராது, காத்திருப்பதில் அவருக்குப் பங்கு இல்லை. 2023 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்த நிரோகாசெஸ்டற் மாத்திரையைக் காட்டியும் சிலர் ஆசையூட்டுகிறார்கள். அது வளர்ந்து துன்பம் தரும் கட்டிகளுக்கானது, இளம்பெண்களின் சூலகத்தையும் பாதிக்கக்கூடியது. எவர் கேட்டாலும் அறிக்கையின் மூலப்பிரதியையோ, பரிசோதித்த இழையத்தைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டையோ கொடுத்துவிடாதீர்கள். பிரதிகளை வைத்தியசாலையில் நீங்களே கேட்டுப் பெறுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விடாமல் கேளுங்கள். கற்றெனினை அழிக்கும் கூட்டத்தில் ஏ.பி.சி. என்ற புரதமும் ஒன்று. அது பிறவியிலேயே பழுதானவர்களுக்குப் பெருங்குடலின் உட்சுவரில் பொலிப்புகள் எனும் சிறு முளைகள் நூற்றுக்கணக்கில் வளர்ந்து, கவனிக்காவிட்டால் புற்றுநோயாகும். அவர்களுக்கும் டெஸ்மொயிட் வரும், அதிலும் கரு கபிலமாகவே தெரியும், நிறம் பார்த்துப் பிரிக்க இயலாது. மனைவியின் தாய் தந்தை, சகோதரர், மாமன்மாரில் எவருக்காவது இளவயதில் குடற்புற்றுநோய் வந்ததா, மலத்தில் இரத்தம் போகிறதா என்று விசாரியுங்கள். குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்பதால் மட்டும் விட்டுவிடவும் கூடாது. பிறவியிலேயே ஏ.பி.சி. பழுதானவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குடும்ப வரலாறே இராது. கட்டியிலேயே கற்றெனின் பரம்பரையலகைச் சோதித்து அங்கே மாற்றம் கண்டால் குடல் பற்றிய ஐயம் பெரும்பாலும் நீங்கும். காணாவிட்டால் குடல் உட்காட்டிப் பரிசோதனை தேவை. பரம்பரைப் பழுது உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இவையனைத்தையும் அறிக்கை கையளிக்கப்பட்ட அன்றே ஒருவர் பத்து நிமிடம் இருத்தி விளக்கியிருக்க வேண்டும். நோயாளிக்குப் புரியாத ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளோடு, கடித உறைக்குள் போட்டுக் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை நாம் எப்போதுதான் கைவிடப்போகிறோம்? விளக்கம் சொல்ல ஆளில்லாத வாசலில்தான் அந்த 'உதவியாளர்' வந்து நிற்கிறார்.

முற்பணம் கொடுக்க வேண்டாம். தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கடிதம் பெற்று, அறிக்கையையும் முதல் ஸ்கானையும் கொண்டு செல்லுங்கள். இது புற்றுநோய் என்பதால் அல்ல, இவ்வகைக் கட்டிகளைத் தொடர்ந்து பார்க்கும் அனுபவம் அங்கே கிடைக்கும் என்பதால். கட்டி விரைந்து பெருத்தாலோ, வலி உறங்கவிடாமல் செய்தாலோ, அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றே போங்கள்.